அடிமுறை கற்ற நடிகருக்கு உடல்சார் நாடகப் பயிற்சி தேவையா?

நாகர்கோவிலில் நாடகம் நடிக்கும் நீங்கள், சிறுவயதிலிருந்தே நம் பகுதியின் தற்காப்புக் கலையான அடிமுறையைப் பயின்றிருப்பதால், உடலையே முதன்மைக் கருவியாகக் கொள்ளும் உடல்சார் நாடகத்தின் பத்து நாள் தீவிரப் பயிற்சியில் புதிதாக என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். களரி எனும் பயிற்சிக் களத்தில் ஆசான் கற்றுத்தந்த சுவடுகள், அதாவது கால்வைப்பு முறைகள், உங்களுக்குத் தாழ்ந்த நிலை, சமநிலை, மூச்சடக்கம் ஆகியவற்றைத் தந்துள்ளன. பலர் முதல் நாட்களில் தடுமாறுவது இவற்றில்தான். ஜப்பானிய இயக்குநர் தடாஷி சுசுகியின் முறையில், நடிகர்கள் இடுப்பைத் தாழ்த்தித் தரையை வலுவாக மிதித்து நடந்து, களைப்பின் உச்சத்திலும் மேலுடல் அசையாமல் வசனம் பேசப் பழகுகிறார்கள் என்பதை அறிந்தால், இந்த ஒற்றுமை உங்களுக்கே விளங்கும்.

ஆனால் அடிமுறையில் உங்கள் கவனம் எதிராளியின் மீது இருக்கிறது. மேடையிலோ, பார்வையாளர் உங்கள் உடலைப் படிக்கிறார். 1956-இல் பாரிசில் நாடகப் பள்ளி தொடங்கிய பிரெஞ்சு நாடக ஆசான் ழாக் லெக்கோக், உணர்ச்சி எதுவும் காட்டாத நடுநிலை முகமூடியை மாணவர்களுக்கு அணிவித்தார். முகம் மறைந்ததும், தோள் சற்று முன்சாய்வது போன்ற, நாம் அறியாமலே சுமக்கும் பழக்கங்கள் வெளிப்பட்டுவிடும். தற்காப்புக் கலைஞர்களுக்கு எப்போதும் தயார்நிலையில் இறுகிய தோள்களே பெரும்பாலும் அந்தப் பழக்கம்; அதைத் தளர்த்துவது, என் பார்வையில், புதிய அசைவு கற்பதைவிடக் கடினமானது.

நம் கோலாட்ட வகையான களியலாட்டத்தில் தாளம் விரைய விரையக் கோல்கள் பிசகாமல் சேர்வதற்குக் காரணமான கூட்டுச் செவிமடுத்தலும் இப்பயிற்சியின் முக்கியப் பகுதியாகும். முழங்கால் வலி இருந்தால் முதல் நாளே பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.