குடியை விட்டால் அடியும் நிற்குமா?

சகோதரி, கணவரை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் அடிப்பது நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியை விடட்டும், நல்லதுதான். ஆனால் உங்கள் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்திருப்பதும், போனைச் சோதிப்பதும், அம்மா வீட்டுக்கு அனுப்ப மறுப்பதும் அவர் தெளிவாக இருக்கும்போதுதானே? மனைவியை அடக்கி வைப்பது தன் உரிமை என்ற நினைப்பு போதை இறங்கினால் போய்விடாது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சம்பளத்தைப் பிடுங்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. போலீஸ் புகார் இல்லாமலேயே இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் அழைக்கலாம். அப்புறம், உங்கள் போனில் வேண்டாம், நம்பகமான வேறொருவர் போனில் பேசுங்கள். கிளம்பும் எண்ணம் இருந்தால் அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஆபத்து கூடும் நேரம் அதுதான்.