பின்பக்க சஸ்பென்ஷன்: வீட்டில் கைவைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் தொங்கும்போது பிடித்து என்ன பயன்? முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் கியரிலும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜாக் ஸ்டாண்ட் இல்லை. கழற்றிய டயரை அடியில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாமா?

பதில்: டயரைப் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது கூடுதல் காவல் மட்டுமே. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஸ்டாண்ட் கிடைக்கும் வரை அடியில் போகாதீர்கள்.

கேள்வி: ஷாக் அப்சார்பரை மாற்ற ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) தேவையா?

பதில்: முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் பல வண்டிகளில் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) கீழே இறங்காமல் பிடித்திருப்பதே அந்த ஷாக்தான். கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் ஆக்சிலுக்கு இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சில் தொப்பென்று இறங்கும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் கழன்று தெறிக்கவும் கூடும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அப்புறம் மறுபக்கம் போங்கள்.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் கதை வேறு. உச்சியில், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை நட்டைத் தொடவே தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். முழுசாகக் கழற்றி எடுத்துப் பட்டறையில் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: புது ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை) சில மாதத்திலேயே கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

பதில்: இருக்கலாம். ஆனால் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். ஓட ஓடக் கிழியும். முதலில் லேசாக மாட்டி, வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முழுதாக இறுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு ஷாக்கில்தான் எண்ணெய் ஒழுகுகிறது. இரண்டையும் மாற்றணுமா?

பதில்: ஆமாம், ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த போல்ட் அசையவே இல்லை. தீ காட்டிச் சூடாக்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்திலேயே ரப்பர், பிரேக் குழாய், பல வண்டிகளில் பெட்ரோல் டேங்க்கும் இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து ஊற விடுங்கள், காலையில் நீளமான ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.