மூன்றாவது கரண்டி

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள், மரணப் படுக்கையில் இருப்பவர்களுக்குத் துணையிருக்கும் ‘டூலா’ பயிற்சியை இணையவழியில் முடித்திருக்கிறாள். இனி அதையே தொழிலாகச் செய்யப் போகிறாளாம். சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவதற்குக் கூலி வாங்குவது பாவமில்லையா? நமக்குத்தான் சொந்தபந்தம் இருக்கிறதே, இது எதற்கு? இதற்குத் தமிழ்ச்சொல் உண்டா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று என் அக்காள் எங்கள் வீட்டு முன்கூடத்தில் படுத்திருந்தார். இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

கூலியைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. உறுமி மேளத்துக்கும் பிரேத வண்டிக்கும் 16ஆம் நாள் சாப்பாட்டுக்கும் எண்ணி எண்ணிக் கொடுக்கும் நாம், ஆள் உயிரோடிருக்கும் கடைசி நாள்களுக்குக் கொடுப்பதை மட்டும் பாவம் என்பது எந்த ஊர் நியாயம்? தமிழ்ச்சொல்லுக்கும் இப்போது அவசரமில்லை. டூலா என்பது பணிப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிள்ளைப்பேற்றின்போது உடனிருப்பவளுக்கு வழங்கிய அந்தப் பெயர் பின்னர்தான் சாவுக்கும் வந்தது. 2003இல் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர், பேறுகால டூலாக்களின் முறையைப் பார்த்து, இறப்பவர்களுக்குத் துணையிருக்கத் தன்னார்வலர்களைப் பழக்கினார்.

ஆனால் ‘சொந்தபந்தம் இருக்கிறதே’ என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் விடுவதாக இல்லை.

1978இல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் என் அப்பா இறந்தபோது, 10 அடிக்கு 10 அடி அறைக்குள் சொந்தபந்தம் இருபது பேர் இருந்தோம். ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிய மருத்துவமனை, எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. பெரிய மாமா ‘பால் ஊத்துங்க’ என்றார். டின் பாலைச் சுடுநீரில் கரைத்து ஒரு கோப்பையில் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு கரண்டியும் கடைவாயில் வழிந்துவிட்டன. மூன்றாவது கரண்டி என்னுடையது; அது உள்ளே போயிற்று. அப்பாவின் தொண்டை களகளத்தது, நெஞ்சு தூக்கிப் போட்டது, இரண்டு நாளாக மூடியிருந்த கண்கள் திறந்து என்னைப் பார்த்தன. எனக்கு அப்போது 19 வயது.

கோப்பையை என் கையிலிருந்து வாங்கியவர் ஆயாக்கொட்டகைப் பாட்டி. பகலில் ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். இரவில், எந்த வீட்டில் ஆள் கிடந்தாலும் அங்கே போய் உட்காருவார். ‘முழுங்குறத விட்டு ரெண்டு நாளாச்சு. இதுக்கு மேல ஊத்துனா நெஞ்சுக்குள்ளதான் போகும்’ என்றார். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வேட்டி முனையை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றினார். ஊற்றியே தீர வேண்டும் என்று நின்ற மாமாவை விறகு கொண்டுவர அனுப்பினார். மூச்சு நின்றது என்று நினைத்து இரண்டு முறை ஒப்பாரி வைத்துவிட்ட அம்மாவின் கையைப் பிடித்து, அது ஏறும், தணியும், நிற்கும், மறுபடியும் வரும், பயப்படாதே என்று சொன்னார். டப்ளின் மருத்துவர்கள் இருவரின் பெயரால் அதற்குச் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயரிட்டிருப்பதை நான் பல ஆண்டுகள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பால் ஊற்றும் சடங்கை நான் பழிக்கவில்லை. உடல் அடங்கத் தொடங்கும்போது பசியும் தாகமும் தாமே குறைந்துவிடும். விழுங்கும் திறன் போனவர் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பஞ்சில் தொட்டு உதட்டில் ஒரு சொட்டு வைத்தாலே சடங்கு முடிந்தது. இதை எத்தனையோ வீடுகளில் சொல்லி, நாத்திகன் என்று பெயரெடுத்திருக்கிறேன். அன்பு இல்லாமல் எவரும் கரண்டியைத் தூக்குவதில்லை, அம்மா. அறையில் அந்த இருபது பேருக்கும் அன்பு இருந்தது. விவரம் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் சொந்தமில்லை.

அவரைப் போன்ற பாட்டிகள் இப்போது எங்கே? லயங்களை இடித்துச் செம்பனை நட்டாயிற்று, நாம் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தீராத நோயாளிகளின் வலி தணித்துப் பராமரிக்க 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா அமைப்பின் செவிலியர்கள் வீடு தேடிப் போவது கிள்ளான் பள்ளத்தாக்கில். நம் ஊர் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அவளுடைய சான்றிதழ் அரசாங்க உரிமம் ஆகாது. மருந்து கொடுப்பதும் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின், செவிலியரின் வேலை, அதில் அவள் கை வைக்கக் கூடாது. யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்று கிடப்பவரிடமே கேட்பதும், இரவில் விழித்திருப்பதும், அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டாருக்குச் சொல்வதும் அவளுடைய வேலை. ஒரு பெரிய மாமாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கும் தைரியம் அவளுக்கு உண்டா என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

இந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அக்காள் நேற்றிலிருந்து கஞ்சி வேண்டாம் என்று தலையசைக்கிறார். சொந்தபந்தம் வரத் தொடங்கிவிட்டது.