கேலக்ஸிக்கு எக்ஸ்ரே எடுப்பது யார்?

கேள்வி: எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம். கேலக்ஸிகளையும் அப்படி எடுக்கிறார்களாமே, கதிரை எங்கிருந்து பாய்ச்சுகிறார்கள்?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

யாரும் பாய்ச்சவில்லை ஐயா. ஆஸ்பத்திரியில் கதிர்க் குழாயும் நம்முடையது, ஃபிலிமும் நம்முடையது. இங்கே ஃபிலிம் மட்டும்தான் நம் பொறுப்பு. கதிர் அங்கிருந்தே வருகிறது. சில கேலக்ஸிகளின் நடுவில் பல லட்சம், பல கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதில் விழப்போகும் வாயு சுற்றிச் சுற்றி உரசி, சூடேறி, தட்டுபோலப் பரவுகிறது. அதற்கு அருகில் அதைவிடப் பல மடங்கு சூடான எலக்ட்ரான் மேகம். அதற்குக் கொரோனா என்று பெயர் (பயப்படாதீர்கள், வைரஸுக்கு முன்பே வானியலில் இருந்த பெயர்). தட்டின் ஒளி அந்த எலக்ட்ரான்களிடம் அடிவாங்கி எக்ஸ் கதிராக மாறிக் கிளம்புகிறது.

நம் காற்று அதை உள்ளே விடாது. அதனால்தான் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் 1999-ல், நம் அஸ்ட்ரோசாட் 2015-ல் மேலே போயின. கண்ணாடியிலும் ஒரு சிக்கல். நேராக விழும் எக்ஸ் கதிர் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல உரசிக்கொண்டு போகிற கோணத்தில்தான் திரும்பும். அதனால் இந்தத் தொலைநோக்கிகளின் கண்ணாடிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய அடியில்லாத பீப்பாய்கள்போல இருக்கும்.

கேள்வி: அந்தக் கொரோனா எவ்வளவு பெரியது என்று அளக்க முடியுமா?
– ப்ளஸ் டூ மாணவி, தேனி

படத்தில் அளக்க முடியாது, வெறும் புள்ளிதான் தெரியும். மினுக்கத்தை வைத்து அளக்கலாம். ஊரே ஒரே நொடியில் கைதட்டினாலும் தெருக்கோடியில் நிற்கிற உங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் முதலில், மறுகோடிச் சத்தம் கடைசியில் கேட்கும். 'பட்'டென்று கேட்காது, சடசடவென்று இழுக்கும். ஊர் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழுப்பு. ஒளிக்கும் இதே கதைதான். எம்சிஜி-6-30-15 என்ற கேலக்ஸியின் எக்ஸ் கதிர் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்குவதுண்டு. ஒளி ஒரு மணி நேரத்தில் போவது 108 கோடி கிலோமீட்டர். கொரோனா அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரம்கூட அதைவிட அதிகம்! கேலக்ஸியைக் கடக்கவோ ஒளிக்கே பல ஆயிரம் ஆண்டுகள் வேண்டும்.

ஆனால் மினுக்கம் ஏமாற்றும். ஆய்வு மாணவனாக இருந்தபோது எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவில் திடீரென்று ஒரு பெரிய துள்ளலைப் பார்த்தேன். மூன்று நாள் தரையில் கால் பாவவில்லை. என் வழிகாட்டி ஒன்றுதான் கேட்டார்: "பக்கத்துக் காலி வானத்தைப் பாத்தியாப்பா?" பார்த்தேன். அங்கேயும் அதே நேரத்தில் அதே துள்ளல். பூமிக்கு அருகில் திரியும் புரோட்டான் கூட்டம் கண்ணாடி வழியே புகுந்து என்னை முட்டாளாக்கியிருந்தது. அந்த மணிகளின் தரவை முழுசாக வெட்டி எறிந்தேன். இன்றைக்கும் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் காலி வானம்தான்.

முன்பு சொன்ன எம்சிஜி-6-30-15 கேலக்ஸியில்தான் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் இரும்பணுவின் நிறமாலைக் கோட்டை, அதாவது இரும்பு தனக்கென்று ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் விடும் எக்ஸ் கதிரைப் பிடித்தது. 1995-ல் வெளியான அந்த முடிவில், 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒல்லியாக நிற்க வேண்டிய கோடு, குறைந்த ஆற்றல் பக்கம் நீளமாக வால் விட்டிருந்தது. கருந்துளையின் ஈர்ப்பை மீறி ஏறி வருவதற்குள் ஒளி அவ்வளவு ஆற்றலை இழந்திருக்கிறது.

கேள்வி: சந்திரா என்ற பெயர் நம் சந்திரசேகருடையதா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

ஆமாம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சுப்ரமணியன் சந்திரசேகர்தான். 1995-ல் காலமானார். தன் பெயரில் ஒரு தொலைநோக்கி பறந்ததை அவர் பார்க்கவில்லை.