பங்குப் பணம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

அமெரிக்கப் புரட்சிப் போரில் கேப்டனாக இருந்த ஜான் பால் ஜோன்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூழ்கும் கப்பலில் நின்றுகொண்டு ‘நான் இன்னும் சண்டையே தொடங்கவில்லை’ என்று அவர் சொன்னது உண்மையா? ஆங்கிலேயர்கள் அவரைக் கடற்கொள்ளையன் என்றார்களே, சரியா? அந்தப் போரின் கடைசிக் கடற்சண்டை எங்கள் கடலூர்ப் பக்கம் நடந்ததாமே? அவருடைய மாலுமிகள், பிடித்த எதிரிக் கப்பலை விற்றுப் பிரித்துக் கொடுக்கும் பங்குப் பணத்துக்காகத்தான் வந்தார்கள் என்று படித்ததும் மனசு விட்டுப்போயிற்று. காசுக்குச் சண்டை போட்டவர்களைப் புரட்சிக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது? என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அந்த ஆர்வத்தில்தான் கேட்கிறேன்.

— ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

கொஞ்ச நாளாக இதே ஆளைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் அவருடைய லெப்டினன்ட் ரிச்சர்ட் டேல், 40 வருஷத்துக்கு மேல் கழித்து நினைவிலிருந்து சொன்னது. ஜோன்ஸ் எழுதிய அறிக்கையில், சரணடைய உறுதியாக மறுத்தேன் என்றுதான் இருக்கிறது. கடற்கொள்ளையன் என்பது எதிராளி வைத்த பெயர். அவர் கையில் காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் புரட்சி அரசின் சபை, கொடுத்த நியமனம் இருந்தது, அதோடு விடுங்கள். கடலூர் விஷயம் உண்மை. 1783 ஜூன் 20 அன்று அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த பிரான்ஸின் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. சேதிதான் வந்து சேரவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ‘காசுக்குச் சண்டை போட்டவர்கள்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! மாலுமி காற்றைக் குடித்தா உயிர் வாழ்வான்? பிடிபட்ட கப்பலை விற்று வரும் தொகையில் ஆட்களுக்கு இவ்வளவு என்று காங்கிரஸே சட்டம் போட்டிருந்தது. கஜானா காலி, சம்பளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பங்கை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

1778 மே மாதம் ஜோன்ஸின் ‘ரேஞ்சர்’ கப்பல், இங்கிலாந்தின் ‘டிரேக்’ என்ற போர்க்கப்பலைப் பிடித்துக்கொண்டு பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வருகிறது. வெற்றி வீரர்கள்! ஆனால் ஆட்களுக்குச் சாப்பாடு போட ஜோன்ஸ் எழுதிய 24,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) பணக் கோரிக்கைச் சீட்டை பாரிஸில் இருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். தன் ஆட்கள் மட்டுமில்லை, பிடித்து வந்த கைதிகளுக்கும் அவர்தான் சோறு போட வேண்டும். அந்தக் கப்பலில் போய் நின்றுகொண்டு சொல்லுங்கள் பார்க்கலாம், காசு கேட்பது கேவலம் என்று.

அடுத்த வருஷம், 1779 செப்டம்பர் 23, இங்கிலாந்துக் கரையில் ஃபிளாம்பரோ முனை. ‘போனோம் ரிச்சர்ட்’ என்ற பழைய வணிகக் கப்பலைத்தான் போர்க்கப்பலாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். முதலில் சுட்டபோதே அதன் பெரிய பீரங்கிகளில் இரண்டு வெடித்து, பக்கத்தில் நின்றவர்களையே கொன்றன. ஜோன்ஸ் எதிரியின் ‘செராபிஸ்’ கப்பலைத் தன் கப்பலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நிலா வெளிச்சத்தில் மூன்றரை மணி நேரம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப்பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ஜெயித்தவர்களின் கப்பல் இரண்டு நாளில் மூழ்கியது.

சரி, மிச்சம் பிழைத்தவர்கள்? 1780இல் பிரான்ஸின் லோரியாங் துறைமுகத்தில் சம்பளமும் இல்லாமல், பங்கும் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனோ பாரிஸில் விருந்துகளில் இருந்தார். பிரெஞ்சு ராஜா தங்கப் பிடி போட்ட வாள் கொடுத்தார். அதற்காக ஜோன்ஸை நான் மன்னிப்பதில்லை.

என் அப்பா சரக்குக் கப்பலில் ஆயிலர். இன்ஜின் ரூம் வேலை. ஒரு தடவை கப்பலைக் கடனுக்காக வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் பிடித்து வைத்துவிட்டார்கள். எட்டு மாதச் சம்பளம் பாக்கி. மாதாமாதம் வரும் பணம் நின்றதும் அம்மா முதலில் வளையலை வைத்தாள், அப்புறம் தையல் மெஷினை விற்றாள். அந்தக் கப்பலின் கேப்டனைப் பற்றி அப்பா சொல்வார்: தினமும் காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஏஜென்ட் ஆபீசுக்குப் போவாராம். சாயங்காலம் வியர்வையில் நனைந்து, வெறுங்கையோடு வருவாராம். கடைசியில் ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொருவர் பெயரும் பாக்கியும் எழுதி, தாளைக் கிழித்து, கையெழுத்தும் கப்பல் சீலும் போட்டுக் கொடுத்தார். அப்பா அதைத் தன் சிடிசி புத்தகத்துக்குள் (மாலுமியின் கடல்பணிப் பதிவுப் புத்தகம்) நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்தபோது அரிசிக் கஞ்சி தடவி ஒட்டியது நான்தான். மூன்று வருஷம் கழித்துப் பணத்தில் ஒரு பகுதி வந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் வாங்கினோம்.

அதனால்தான் ஜோன்ஸின் பிந்தைய வருஷங்கள் எனக்குச் சண்டையைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அதை யாரும் படமாக வரைவதில்லை. 1783இல் காங்கிரஸ் அவரை ஐரோப்பாவில் பங்குப் பணம் வசூலிக்கும் முகவராக்கியது. பிரெஞ்சுக் கடற்படை அலுவலகத்துக்கு நடை, கணக்கு, மனு, மறுபடி மனு. 1785இல்தான் பிரான்ஸ் கொடுத்தது. அதிலும் தன் செலவு என்று பெரிய தொகையை எடுத்துக்கொண்டார்; அதையும் சொல்லத்தான் வேண்டும். டென்மார்க் கணக்கு வேறு பாக்கி. அவர் ஆட்கள் பிடித்த மூன்று கப்பல்கள் நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்குப் போனபோது, அன்று நார்வேயை ஆண்ட டென்மார்க் அரசு அவற்றை ஆங்கிலேயரிடமே கொடுத்துவிட்டது. 1788இல் அதற்காக டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் வரை போனார். அந்தப் பணம் கிடைக்கவில்லை. 1792இல் பாரிஸில், 45 வயதில் செத்தபோதும் அந்தப் பாக்கி வரவில்லை.

உங்கள் அண்ணன் எந்த வேலையில் இருக்கிறார், டெக்கிலா இன்ஜினிலா என்று எழுதவில்லையே. சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்.