செம்மஞ்சள் நிறமெல்லாம் உயிர்காப்பு அங்கியல்ல: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (நிலாவெளி): புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் எங்கள் படகுக்குப் பன்னிரண்டு லைஃப் ஜக்கெட் தேவை. 50, 100 என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். 50 மலிவு. போதாதா?

பதில்: போதாது. அந்த இலக்கம் நியூட்டன். பத்து நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்து, நினைவோடு, கரைக்குக் கிட்ட இருப்பவருக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். மயங்கியவரை அது மல்லாத்தும் என்று நம்ப முடியாது. முகம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். கழுத்துப்பட்டி வைத்த 100 எடுங்கள். உள்ளே தைத்த லேபிளில் ஐஎஸ்ஓ 12402-4 என்ற சர்வதேசத் தர எண் இருந்தால் 100. 12402-5 என்றால் 50. அணிபவரின் உடல் எடையும் அங்கேயே இருக்கும். லேபிள் இல்லாததற்கு விலையே கேட்காதீர்கள். பன்னிரண்டில் மூன்று சிறுவர் அளவு, இரண்டு பெருத்த மார்புக்கு. விசில், ஒளி தெறிக்கும் பட்டி இரண்டும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். ஸ்நோர்க்கலுக்கு வாயால் ஊதிப் போடும் மஞ்சள் சட்டை இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி (கிண்ணியா): பத்து நிமிடத்தில் அக்கரை போய்விடுவோம். அதற்கும் அங்கி வேண்டுமா?

பதில்: 2021 நவம்பர் 23 அன்று உங்கள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்ததும் அக்கரை தெரிகிற தூரத்தில்தான். வேண்டும்.

கேள்வி (மூதூர்): மகனுக்கு ஏழு வயது. மூன்று வருடமாவது போடட்டும் என்று பெரிய அளவு வாங்கினேன். பட்டியை இறுக்கினால் சரிதானே?

பதில்: பள்ளிச் சீருடைக்கு அது சரி. தண்ணீரில் அங்கி மேலே எழும், பிள்ளை கீழே நழுவும். போட்டு எல்லாப் பட்டியையும் பூட்டி, இரு தோள்பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அவனுக்குரியதல்ல. சிறுவர் அங்கியில் கவட்டுப்பட்டியும் கழுத்துக்குப் பின்னால் கைபிடியும் கட்டாயம். மாற்றுங்கள்.

கேள்வி (உப்புவெளி): 100 என்று எழுதியிருந்ததை நம்பி நான்கு வாங்கினேன். இரண்டு மாதத்தில் தண்ணீர் குடித்துக் கனக்கிறது. கடைக்காரர் "விற்றது விற்றதுதான்" என்கிறார்.

பதில்: உங்கள் மேல் பிழையில்லை. நானும் இப்படி ஒரு சோடி வாங்கி வெட்டிப் பார்த்தேன்; உள்ளே மெத்தை ஸ்பொஞ்ச். நல்ல அங்கிக்குள் இருப்பது நீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரை. நீங்கள் வெட்டாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. வலைப்பையில் 11 கிலோ இரும்பைப் போட்டு அங்கியில் கட்டி, தொட்டியில் 24 மணிநேரம் விடுங்கள். 11 கிலோ இரும்பு நீருக்குள் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். கல் வேண்டாம், நீருக்குள் அதன் எடை மூன்றிலொன்றுக்கு மேல் குறைந்துவிடும். இரும்போடு அங்கி அடியில் போய்க் கிடந்தால், படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் மிச்சம்.

கேள்வி (சல்லி): அங்கிகளைப் பொலித்தீன் உறையோடே அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) கட்டி வைத்திருக்கிறோம். சோதனைக்கு வந்தால் காட்டலாம், புதிதாகவும் இருக்கும். நல்ல முறைதானே?

பதில்: இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது, ஊர்ப்பெயர் மட்டும் மாறும். வள்ளம் புரளும்போது அணியத்துக் கயிற்றை அவிழ்த்து, உறையைக் கிழித்து, பட்டி அளவு பார்க்க யாருக்கு நேரம்? தண்ணீருக்குள் கிடந்துகொண்டு அங்கி போடுவது நீந்தத் தெரிந்தவனுக்கே பாடு. சரி, புதிதாகவாவது இருக்குமா? உறைக்குள் உப்பு ஈரம் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் வெக்கையில் நுரை சுருங்கும். உறையை எறியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று, பட்டி அவரவர் உடம்புக்குச் சரிசெய்து, பெயர் எழுதி, கரையிலேயே போட்டுக்கொண்டு இறங்குங்கள். வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த உப்புப் பரல் தையல் நூலை அராவும், ஸிப்பையும் அரிக்கும். நிழலில், காற்றில் காய வேண்டும். வெயிலில் போட்டால் துணி வெளுக்கும். வெளுத்த துணியை இரண்டு கையாலும் இழுத்தாலே கிழிகிறதென்றால் அது முடிந்த கதை. பெற்றோல், மண்ணெண்ணெய் படக்கூடாது. பலகையில் குஷனாகப் போட்டு உட்காருவதும் ஆகாது, நசிந்த நுரை திரும்ப எழாது. எழாத இடத்தில் மிதப்பும் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

கேள்வி (திருகோணமலை): தானாக ஊதும் அங்கி, பழையது, மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: 150 நியூட்டன் வகையில் பெரும்பாலும் 33 கிராம் வாயு அடைத்த சிறு உருளை இருக்கும். கழற்றி நுனியைப் பாருங்கள். துளை இருந்தால் வாயு போய்விட்டது. துளை இல்லாவிட்டால் நகைக்கடைத் தராசில் நிறுத்து, மேலே பொறித்த மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். நீர் பட்டதும் விசையைத் தட்டிவிடும் பகுதியில் காலாவதித் திகதி இருக்கும். பிறகு வாயால் ஊதி ஒரு நாள் வையுங்கள், தொய்ந்தால் வேண்டாம். இத்தனையும் தேறினாலும், ஒருமுறை உருளை ஊதியதும் மாற்று உருளை எங்கே வாங்குவீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். திறந்த வள்ளத்தில் அலை தெறித்தே விசை தட்டிவிடும். உங்களுக்கு நுரை அங்கியே போதும்.