வைட்டமின் டி 9 என்று வந்தால்

கேள்வி: நிமோனியா முற்றி, கிருமித் தொற்று ரத்தத்திலும் பரவியதால் என் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். சேர்த்த மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. நோய் இவ்வளவு தீவிரமானதற்கு இந்தக் குறைபாடுதான் காரணமா? அதிக அளவில் வைட்டமின் டி கொடுத்தால் அவர் விரைவில் தேறுவார் அல்லவா? மருத்துவர்களோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதில்: மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதும், 12க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு என்பதும் பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் 9 மிகக் குறைவுதான். ஆனால் அது நோயின் மூன்றாம் நாளில் எடுத்த அளவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரத்தத்தில் நாம் அளக்கும் வைட்டமின் டி தனியாக ஓடுவதில்லை, பெரும்பாலும் ஒரு புரதத்தின் மீது ஏறியே பயணிக்கிறது. கடும் தொற்றின்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குவதால் அந்தப் புரதம் திசுக்களுக்குள் வெளியேறிவிடுகிறது. ரத்த அழுத்தம் விழாமலிருக்க லிட்டர் கணக்கில் ஏற்றும் சலைனும் மிச்சமிருப்பதை நீர்க்கச் செய்கிறது. அதே அறிக்கையில் ஆல்புமின் (ரத்தத்தில் ஓடும் இன்னொரு முக்கியப் புரதம்) என்ற வரியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் இறங்கியிருக்கும். உடலிலுள்ள இந்த வைட்டமின் பாதியாகக் குறைய வழக்கமாக 2 முதல் 3 வாரங்கள் ஆகும் என்பதால், ஓரிரு நாட்களில் காணும் சரிவை இருப்பு தீர்ந்ததன் அடையாளமாகக் கொள்ள முடியாது. முதுமையாலோ, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்ததாலோ உங்கள் தந்தைக்கு முன்பே குறைபாடு இருந்திருக்கலாம். அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு நோய் உண்டாக்கியது என்பதை இந்த ஒரு பரிசோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது.

அதிக அளவு கொடுப்பதைப் பற்றிய உங்கள் எண்ணம் மருத்துவர்களுக்கும் தோன்றியதுதான். கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் வைட்டமின் டியைக் கொண்டு கதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உருவாக்குகின்றன என்பது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்த உண்மை. ஆகவே, குறைவாக இருப்பவர்களுக்கு நிரப்பினால் பிழைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது. ஆஸ்திரியாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருந்த தீவிர சிகிச்சை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு முதலில் 5,40,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களிடம் மட்டும் இறப்பு குறைந்ததுபோல் தெரிந்தது என்றாலும், ஒரு ஆய்வின் சிறு பகுதியில் தெரிவதை நம்பிச் சிகிச்சையை மாற்றிவிட முடியாது. பிறகு அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதே 5,40,000 யூனிட்டை ஒரே வேளையாகக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் வைட்டமின் பெற்றவர்களில் 23.5 சதவீதம், பெறாதவர்களில் 20.6 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால் மருந்து கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது, ஆனால் காப்பாற்றியது என்று சொல்லவும் இடமில்லை. உங்கள் மருத்துவர்கள் அலட்சியமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், ரத்த அழுத்தம், சிறுநீரகம் ஆகியவற்றைக் கவனிப்பதே இப்போது உயிரைக் காக்கும் வேலை.

வெளியிலிருந்து மாத்திரையோ ஊசியோ வாங்கிக் கொடுக்க முயல வேண்டாம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். மாறாக, கால்சியம் குறைந்திருந்தால் மருத்துவர்களே வைட்டமின் டியைச் சேர்ப்பதுண்டு, ஆகவே கால்சியம் அளவு என்ன என்பதைத் தயங்காமல் கேளுங்கள். வீடு திரும்பித் தொற்று முழுவதும் அடங்கிச் சில வாரங்கள் கழித்து மறுபடி ஒருமுறை பரிசோதியுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால், வாரக்கணக்கில் படுத்திருந்ததால் தளர்ந்த எலும்புக்கும் தசைக்கும் வழக்கமான அளவில் மாத்திரை தேவைப்படும், அதை மருத்துவர் எழுதித் தருவார்.